அந்த முற்றத்தில் மணி என்ன

செர்பியாவில் எங்கள் நோவி சாத் ஊரில் மூடுபனி இறங்கினால் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடப்போம். என்னோடு வேலை செய்யும் நேதா மட்டும் கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி கிளம்புவாள். தோளில் கேமரா, கோட்டுப் பையில் வறுத்த பூசணி விதை. டான்யூப் ஆற்றங்கரையில் ஏதாவது ஒரு கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து இருநூறு படம் எடுப்பாள். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்தால் வீடியோ கேமுக்கு ஒரு கல் தயார். படத்தில் நிழல் விழுந்தால் கல் கெட்டுப்போகும். அதனால் வெயில் அடித்தால் அவளுக்கு விடுமுறை.

அவள் கல் செய்பவள். பக்கத்து நாற்காலியில் நான் பீப்பாய் செய்பவன். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு எங்கள் ஸ்டூடியோ இப்படி உதிரியாகச் செய்து அனுப்பும். எந்தக் கோட்டையில் என் பீப்பாய் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நான் மத்தியானம் சாப்பிடப் போய்விடுவேன். நேதாவால் அப்படி இருக்க முடியவில்லை. ஒரு முழு இடத்தைத் தன் கையால் கட்ட வேண்டும், யாரோ ஒருவர் விளையாட்டை மறந்து அதில் சும்மா நிற்க வேண்டும் என்று ஆசை. பஸ்ஸில் கண்ணைத் திறந்துகொண்டே அந்த இடத்தில் உலாவுவாள். இறங்க வேண்டிய நிறுத்தம் போய், பாலம் தாண்டி, அக்கரையிலிருந்து எனக்கு போன் செய்வாள்.

ஆசைக்குத் தீனியாக ஆன்லைன் வகுப்புகள் வாங்குவாள். பதினொன்று வைத்திருந்தாள், ஒன்றையும் முடித்ததில்லை. நான்காவது பாடத்தில் இன்னொரு வகுப்பின் விளம்பரம் கண்ணில் படும். பாசி படிந்த கோயில், மழையில் மின்னும் சந்து. உடனே அங்கே தாவிவிடுவாள். வாத்தியார் சேர்க்கிறாயா, கலை கற்கிறாயா என்று நான் சீண்டுவேன். சிரித்துக்கொண்டே விதை கொறிப்பாள்.

செப்டம்பரில் ஸ்டூடியோவின் மாடியில் ஒரு வேலை காலியானது. மாடிக்காரர்கள்தான் முழு இடங்களைக் கட்டுகிறவர்கள். வேண்டுகிறவர்கள் ஓர் இடம் செய்து காட்டலாம் என்றார் மாடித் தலைவர் வுகாஷின். நேதா ஒரு முற்றம் செய்தாள். கல்லெல்லாம் தொட்டால் குளிரும் போலிருந்தது. வுகாஷின் வெகு நேரம் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு, நேதா. ஆனா இந்த முற்றத்துல இப்ப மணி என்ன?"

நேதா திரையில் முற்றத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினாள். நவம்பர் கடைசியில் இன்னொரு முறை காட்டச் சொன்னார். இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பாராம். எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வந்தது. கல்லைக் காட்டினால் கடிகாரமா கேட்பது!

முற்றத்தில் மரம் இல்லாததுதான் குறை என்று அவள் முடிவு கட்டினாள். மரம் செய்யக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்றைப் பிடித்தாள். நானும் தலையாட்டினேன். பணம் கட்டும் முன் தன் படங்களில் மரம் இருக்கிறதா என்று தேடப் போனவள் திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இதுல எங்கயாவது வெயில் இருக்கா பாருப்பா."

ஒன்பது வருடப் படங்கள். அரை மணி நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். சாம்பல் வானம், சாம்பல் சுவர், சாம்பல் ஆறு. அவளுடைய முப்பதாவது பிறந்தநாள் விருந்துகூட மேகமூட்டத்தில்தான். சரியான பிறந்தநாளன்று வெயில் அடிக்கும் என்று தெரிந்து அவளே விருந்தைத் தள்ளிவைத்தது எனக்கு நினைவு வந்தது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மர வகுப்பை மூடினாள். பட்டியலின் அடியில் கிடந்த ஒன்றை எடுத்தாள். வெளிச்சத்தைப் பற்றிய வகுப்பு. விளம்பரத்தில் கோயிலும் இல்லை, சந்தும் இல்லை. ஒரு வெள்ளைச் சுவர் முன்னால் பழைய ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் நின்றாள், அவ்வளவுதான். முதல் வீட்டுப்பாடம், கம்ப்யூட்டரைத் தொடாமல் ஒரு நாள் முழுக்க ஒரு சுவரைப் பார்ப்பது. காசு கொடுத்துச் சுவரைப் பார்க்கும் முதல் ஆள் நீதான் என்றேன்.

சனிக்கிழமை நல்ல வெயில். நேதா தன் குடியிருப்பின் பின்முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மத்தியானம் பாலாடைக்கட்டி வைத்த பூரெக் அப்பமும் தயிரும் வாங்கிக்கொண்டு போனேன். பேசாதே என்று கை காட்டினாள். போகவும் மனமில்லாமல் நானும் உட்கார்ந்தேன். கொடியில் காய்ந்த போர்வையின் நிழல் சுவரில் மெல்ல நகர்ந்து ஜன்னலைத் தொட்டது, பிறகு விட்டது. எங்கோ யாரோ குடைமிளகாய் சுட்டார்கள். நான்கு மணிக்குமேல் அந்த அழுக்குச் சுவர் ஆப்ரிகாட் பழத்தின் உட்பக்கம் மாதிரிப் பொன்னிறமானது. பக்கத்து வீட்டு லிண்டன் மரத்தின் நிழல் அதன்மேல் இலை இலையாக அசைந்தது. தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம்.

"ஒன்பது வருஷமா இந்த வெயில்கிட்டேருந்து ஓடியிருக்கேன்," என்றாள். கண் நிறைந்திருந்தது. மீதித் தயிரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அந்த வகுப்பை மட்டும் கடைசிப் பாடம் வரை முடித்தாள்.

நவம்பர் கடைசியில் ஊரே மூடுபனிக்குள் இருந்தது. திரைச்சீலை இழுத்த அறையில் வுகாஷின் உட்கார்ந்தார், நான் கதவோரம் நின்றேன். அதே முற்றம், அதே கற்கள். மரம்கூட இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு மரத்தின் நிழல் மட்டும் சுவரில் அசைந்தது. நாற்காலி ஒன்று பாதி வெயிலில் கிடந்தது. நேதா மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள்.

வுகாஷின் மௌஸைக் கையில் எடுத்தார். திரையிலிருந்த முற்றத்துக்குள் நடந்து, சாயும் வெயில் இருந்த மேற்குப் பக்கம் திரும்பினார். திரும்பியதும், அந்த இருட்டு அறையில், கண் கூசியவர் போலத் தன் கையைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார்.

கை தூக்கியதை அவரே கவனிக்கவில்லை. நேதா கவனித்தாள், மேசையிலிருந்து கையை எடுத்தாள்.