வெண்ணிலா என்று சொன்னதற்கு அடி

வேப்பங்குழையால் அடித்தால் வலிக்குமா?

போன வெள்ளிக்கிழமை வரை எனக்குத் தெரியாது. இலைதானே என்று நினைத்திருந்தேன். இலைக்குள் குச்சி இருக்கிறது. அது தோளில் படும்போது ஒரு சத்தம் வருகிறது பாருங்கள்... இதை எழுதும்போதும் அது என் காதில் கேட்கிறது.

அடி வாங்கியவள் வெண்ணிலா. வயது இருபத்தேழு. பி.ஃபார்ம் படித்தவள். அறந்தாங்கியில் ஒரு மெடிக்கலில் ஃபார்மசிஸ்ட். கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். இவள் இங்கே மாமியாரோடும் கொழுந்தனோடும் இருக்கிறாள். இருந்தாள். (அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.)

அடி எதற்கு? ஒரு விளையாட்டுக்கு.

எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருப்பவள் ஸ்டெல்லா. கட்டுமாவடிக்காரி. பெங்களூரில் கொஞ்ச நாள் வேலை பார்த்தபோது இந்த ரோல்-பிளே விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்தாள். போர்டு கிடையாது, காய் கிடையாது. ஒரு நோட்டு, ஒரு பென்சில், சில டைஸ். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் கூடுவோம், ஆளுக்கொரு கேரக்டர். கதையை ஸ்டெல்லா நடத்துவாள், கேரக்டராக இருந்து நாங்கள் பதில் சொல்ல வேண்டும்.

கதை நடக்கும் ஊர் எது தெரியுமா? இதே அறந்தாங்கிதான். இதே வருஷம். ஆனால் பூதங்களும் முனிகளும் கடல்கன்னிகளும் மனிதர்களைப் போலவே நம் நடுவில் ஒளிந்து வாழ்கின்றன. ரேஷன் கடை வரிசையில் நிற்கின்றன. ஆதார் திருத்தத்துக்கு அலைகின்றன. யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். இதுதான் ரூல்.

நான் பூதம். எட்டடி உடம்பை மடக்கி வைத்துக்கொண்டு மணமேல்குடி டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறேன். சிரிக்காதீர்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு டீச்சராக இருப்பவளுக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பூதமாக இருப்பது எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்குத் தெரியாது.

மெடிக்கலில் பழகி எங்களோடு சேர்ந்த வெண்ணிலா கடல்கன்னி. பெயர் அலையரசி. கழுத்தில் செதில் இருக்கும், துப்பட்டாவால் மூடிக்கொள்வாள். "மருந்து வாங்க வந்தவர் செதிலப் பாத்துட்டார். இப்ப என்ன செய்வ?" என்று ஸ்டெல்லா கேட்பாள். வெண்ணிலா ஒரு நொடிகூட யோசிக்க மாட்டாள். "ஸ்கின் அலர்ஜிம்பேன். அவருக்கும் ஒரு ஆயின்மென்ட்ட வித்துருவேன்!" என்பாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

வீட்டில் சத்தமே வராத பெண் அவள். இந்த விளையாட்டில்தான் அவள் குரலை நான் முழுசாகக் கேட்டேன்.

கேரக்டருக்கு ஒரு டைரி எழுதினால் நன்றாக இருக்கும் என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். நான் சோம்பேறி, எழுதவில்லை. வெண்ணிலா எழுதினாள். அது கொழுந்தன் கையில் கிடைத்தது.

'நான் மனுஷி இல்லை. இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் கடலுக்குத் திரும்பிப் போய்விடுவேன்.'

அவ்வளவுதான். பக்கத்தைப் போட்டோ எடுத்து குவைத்துக்கு அனுப்பிவிட்டார். மாமியாருக்கும் வாசித்துக் காட்டினார். இது என்ன என்று எழுதியவளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. அவள் அடுத்த அறையில்தான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மெடிக்கல் வாசலில் கார் வந்து நின்றது. கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். கூட வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சந்தேகம் வந்து ஸ்டெல்லாவுக்கு போன் செய்தாள். "அக்கா, அவுக கோயிலுக்குப் போகல. டிரைவர்கிட்ட கோடாங்கி வீட்டுக்கு வழி சொன்னாக. எனக்குப் பயமா இருக்கு."

கோடாங்கி என்றால் உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர், பேய் ஓட்டுகிறவர். அரை நாள் லீவு சொல்லிவிட்டு இருவரும் ஸ்கூட்டியில் கிளம்பினோம். மணமேல்குடி ரோட்டில் போய், இரண்டு இடத்தில் வழி கேட்டு, ஒரு மண்பாதையில் திரும்பினோம். தகரக் கொட்டகை. வாசலில் அந்தக் கார்.

உள்ளே வெண்ணிலா தரையில் உட்கார்ந்திருந்தாள். தலையில் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். மெடிக்கலில் போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"யாரு நீ? பேரச் சொல்லு," என்றார் கோடாங்கி.

"வெண்ணிலா."

அடி.

"பொய் சொல்லாத! எந்தக் கடல்லேர்ந்து வந்த? பேரச் சொல்லு!"

"வெண்ணிலாதான் சார். பி.ஃபார்ம் படிச்சிருக்கேன். மெடிக்கல்ல..."

அடி.

நாங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினோம். கொழுந்தன் குறுக்கே வந்து நின்றார். அவரைத் தள்ளிக்கொண்டு போவதற்குள் மூன்றாவது முறையும் அந்தக் கேள்வி வந்துவிட்டது. வெண்ணிலா தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அலையரசி."

ஓங்கிய குழை அடிக்காமல் கீழே இறங்கியது. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோடாங்கி கற்பூரம் ஏற்றினார்.

கவனித்தீர்களா? உண்மையைச் சொன்னபோது அடித்தார்கள். பொய் சொன்னதும் நிறுத்திவிட்டார்கள். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அந்தப் பொய்தான் வேண்டியிருந்தது.

"நிறுத்துங்க!" என்று நான் கத்தினேன். "அது கதைம்மா! விளையாட்டு!"

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அங்கிட்டு நில்லுங்க டீச்சர். வெளையாட்டுன்னா தாயம் வெளையாடுங்க, பல்லாங்குழி வெளையாடுங்க. நான் மனுஷி இல்லன்னு எந்தப் பொம்பளையாச்சும் எழுதுவாளா? அதுவும் வாக்கப்பட்ட வீட்டுல இருந்துகிட்டு?"

பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நீங்களுமா இதெல்லாம் வெளையாடுறீங்க?"

இந்த இடத்தை விட்டுவிட்டு எழுதலாம்தான். எழுதினால் நீங்கள் என்னைக் கொஞ்சம் உயர்வாகவே நினைப்பீர்கள். ஆனால் அங்கே நான் சொன்னது இதுதான்: "நான்... சும்மா பக்கத்துல உக்காந்து பாப்பேன்."

ஆமாம். ஐம்பது வயதில், அரசாங்க வேலையில் இருக்கிற நான், என்னை யாரும் அடிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் பொய் சொன்னேன். ஊரில் டீச்சர் என்ற பெயர் இருக்கிறதே! வெண்ணிலா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

ஸ்டெல்லாதான் முன்னால் வந்தாள். "நான் சொல்லித்தான் எழுதுனா. கதை என்னோடது. அடிக்கணும்னா என்னைய அடிங்க. அடிச்சிட்டு போலீஸுக்கும் பதில் சொல்லுங்க." கையில் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். கோடாங்கி குழையைக் கீழே போட்டுவிட்டு, "குடும்பத்துக்காரவுக கூட்டிட்டு வந்தாக, நான் என்னத்தக் கண்டேன்" என்று கொட்டகைக்குப் பின்பக்கம் போய்விட்டார்.

வெண்ணிலா எழுந்தாள். முடியைப் பிழிந்து கட்டினாள். மாமியாரிடம் கையை நீட்டினாள். "என் போனைக் குடுங்க அத்தை."

எல்லாருக்கும் முன்னால் வீடியோ காலில் கணவரைக் கூப்பிட்டாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சுதான் இங்க கூட்டிட்டு வந்தாங்களா?"

"அம்மா பயந்துட்டாங்க வெண்ணிலா. ஒரு தடவ மந்திரிச்சிட்டு வந்தா என்ன கொறஞ்சிரப் போவுதுன்னு நான்தான்..."

அவள் போனைக் கட் செய்தாள். "எனக்கு டூட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டாள். நான் பஸ்ஸில் திரும்பினேன்.

இப்போது வெண்ணிலா, ஸ்டெல்லா வீட்டில் இருக்கிறாள். வேலைக்குப் போகிறாள். டைரி எழுதிய நோட்டு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். அன்றைக்கே எரித்துவிட்டார்கள். போலீஸில் புகார் கொடு, நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். அது அவள் முடிவு. நான் தயார்.

சனிக்கிழமை அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது." மருந்துச் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "வலிச்சுச்சு டீச்சர். குழையவிட." பத்திரிகையில் இத்தனை வருஷமாக எழுதுகிறேன், ஒரு வாசகர்கூட என்னை இப்படித் திட்டியதில்லை.

அதனால்தான் இந்த வாரம் ஊருக்கே தெரிகிற மாதிரி எழுதுகிறேன். நான் விளையாடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. இனிமேல் என் வீட்டு ஹாலில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.

தண்ணீர்த் தொட்டி நிழலில் நாள் முழுக்கச் சீட்டாடுகிற ஆண்களை யாராவது கோடாங்கியிடம் கூட்டிப்போனதுண்டா? போனில் துப்பாக்கி பிடித்து ஆயிரம் பேரைச் சுடுகிற பையனுக்கு யாராவது மந்திரித்தார்களா? ஒரு பெண் தனக்காக, தனக்கு மட்டுமாக ஒன்றைக் கற்பனை செய்துவிட்டால் மட்டும் உங்களுக்கு ஏன் இப்படி வேர்த்துப் போகிறது? சமைத்தாள், துவைத்தாள், சம்பாதித்தாள். அப்போதெல்லாம் அவளுக்குள் யார் இருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லையே!

புதன்கிழமை கணவர் போன் செய்தார். தப்புதான் என்றாராம். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றாராம். "நேர்ல வாங்க. வந்து என் தோள்பட்டையப் பாத்துட்டுப் பேசுங்க," என்று சொல்லிவிட்டாள்.

லீவு கிடைப்பது கஷ்டமாம். அடிக்கச் சொல்வதற்கு மட்டும் லீவு தேவைப்படவில்லை.