இடப்பக்க சீட்டு

கருத்தையாவுக்கு லாரி ஓட்டும் தகுதி இல்லை என்று சர்க்கார் முடிவு செய்தது தொண்ணூற்றாறாம் வருஷம், ஐப்பசி மழை தொடங்கின வாரத்தில்.

அதற்கு முன்னால் விக்கிரமசிங்கபுரத்தில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். மில்லுக்குப் பஞ்சுப் பொதி ஏற்றி வந்த காலத்தில், லாரி நிற்கிற தெருவில் அவரை 'அண்ணாச்சி' என்று கூப்பிடாத ஆள் கிடையாது. அவர் மட்டும் எல்லோரையும் 'லே' போட்டுத்தான் பேசுவார். முக்கியமாக, கிளீனர் சுடலைமணியை. லாரியைப் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியைத் திரும்பியும் பார்க்க மாட்டார். "ஏலே, எறங்கிப் பாருலே!" என்று ஒரு சத்தம். சுடலைமணி குதித்து ஓடி, பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டே "வா, வா" என்பான். தட்டு நின்றால் வண்டி நிற்கும். இறங்கத் தாமதித்தால் கிரீஸ் துணி அவன் முகத்தில் வந்து விழும்.

பிறகு மணிமுத்தாறுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டப் போனார். மலைக்குள் லைசென்ஸை யார் கேட்கிறார்கள்? டிரங்குப் பெட்டியில் அது பாட்டுக்குக் கிடந்து காலாவதியானது. எஸ்டேட்டில் ஆட்களைக் குறைத்தபோது பெட்டியோடும் மனைவி மாரித்தாயோடும் கீழே இறங்கினார். வாழைத்தார் வியாபாரி அசன் முகம்மது புது லாரி வாங்கியிருந்தார்.

"நீரு வண்டி எடுத்தா நான் நிம்மதியா தூங்குவேன் வே. லைசென்ஸைச் சரிபண்ணிட்டு வாரும். தீவாளி வரைக்கும் பாக்கேன்."

மாரித்தாய் அன்றைக்கே பீடி சுற்றுகிற தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிற ஆளாக உட்கார்ந்திருந்தவன் சுடலைமணி.

"புதுச் சட்டம் அண்ணாச்சி. அஞ்சு வருசத்துக்கு மேல கெடந்ததைச் சும்மா புதுப்பிக்க மாட்டாவ. மறுபடி டெஸ்டு குடுக்கணும். அதுவரைக்கும் எல் போர்டு மாட்டி, பக்கத்துல நான் இருக்கணும்."

"எனக்குப் பக்கத்துல நீயாலே?"

"பழைய எடந்தானே. அப்பவும் இடப்பக்கம், இப்பவும் இடப்பக்கம்."

சிவப்பு எல் போர்டைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைத் தாண்டுகையில் டீக்கடையில் ஒருத்தன் கேட்டான், "எல்லுன்னா என்னவே?"

"லேன்னு அர்த்தம். இத்தனை நாளு ஊரையே லே போட்டாருல்லா, சர்க்காரு அவருக்குத் திருப்பிப் போட்டிருக்கு" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

கருத்தையா காதில் விழாத மாதிரி கியரை மாற்றினார்.

டெஸ்ட் அன்று இடப்பக்க சீட்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்தார். கஞ்சி போட்ட சட்டை, சின்ன வயசு. மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்வாங்கவில்லை. "ம்" என்றார். "சரி, பின்னால எடுங்க."

கருத்தையாவின் கை ரிவர்ஸ் போட்டது. தலை ஜன்னலுக்கு வெளியே போனது. வாய் தானாகத் திறந்தது.

"ஏலே, எறங்கிப் பாருலே!"

மைதானத்தில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஐயா, உங்களை இல்லைய்யா... வாய்ப்பழக்கம்..."

இன்ஸ்பெக்டர் இறங்கத்தான் செய்தார். கதவைச் சாத்திவிட்டு, கீழே நின்ற சுடலைமணியிடம், "கண்ணாடி பாக்காம ரிவர்ஸ் எடுக்கவரு லாரி ஓட்டலாமா? அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க" என்றார். அதைத்தான் கருத்தையாவால் தாங்க முடியவில்லை. அவமானத்துக்கு அந்த இன்ஸ்பெக்டர் பையன் கோபப்பட்டிருந்தால் திட்டிக்கொண்டாவது வீட்டுக்கு வந்திருக்கலாம். அவன் நியாயம் பேசிவிட்டான்.

அடுத்த மாசம் என்றால் தீவாளி தாண்டிவிடும். தார் பழுத்தால் காத்திருக்காது என்று அசன் முகம்மது வருத்தத்தோடுதான் சொன்னார். லாரி சாவி சுடலைமணி கைக்குப் போனது. அவனே வீடு தேடி வந்தான்.

"டெஸ்டு முடியுற வரைக்கும் என்கூட வண்டில வாங்க அண்ணாச்சி."

கிளீனர் என்ற வார்த்தையை அவன் சொல்லவில்லை. மாரித்தாய் பீடித் தட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "போங்க, வண்டி வாசமாவது கெடைக்கும்" என்றாள்.

முதல் லோடு கல்லிடைக்குறிச்சித் தோப்பில். குறுகலான வண்டிப்பாதை. சுடலைமணி இரண்டு கண்ணாடியையும் திருப்பி வைத்துப் பார்த்தான். இரண்டிலும் நன்றாகவே தெரிந்தது.

"அண்ணாச்சி, கொஞ்சம் எறங்கிப் பாருங்க."

கருத்தையா வேட்டியை மடித்துக் கட்டி, சேற்றில் இறங்கி, பின்பக்கத்துக்கு நடந்தார். பலகையைத் தட்டினார். "வா... வா..."

"கேக்கலை அண்ணாச்சி," என்று முன்னாலிருந்து குரல் வந்தது. "சத்தமா!"