முகப்பில் சிரித்த பிள்ளை

"மாப்ளே, யுனிவர்சிட்டி வெப்சைட் திறக்குது. என் மவளைத்தான் காணோம்."

போன வாரம் துபாயிலிருந்து சிக்கந்தர் போன். ஏர்வாடிக்காரன், என்னோடு பள்ளியில் படித்தவன். அங்கே டிரைவர் வேலை. முகப்புப் பக்கத்திலிருந்து அவள் படம் போனது எனக்கே அப்போதுதான் தெரியும். "விசாரிக்கிறேன்டா" என்று மட்டும் சொன்னேன்.

கதை இதுதான். எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்று – பெயர் வேண்டாமே – ரெடிமேடாக ஒரு வெப்சைட் வாங்கியது. ரெடிமேட் சட்டை வாங்கிப் பையில் நம் பெயரைத் தைத்துக்கொண்ட மாதிரி, நிறத்தை மாற்றினார்கள், சின்னத்தை ஒட்டினார்கள். தமிழ் வாசகங்கள் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், முகப்பில் மூன்று வெள்ளைக்காரப் பிள்ளைகள் புல்வெளியில் சிரிக்கிறார்கள்! கருவேலங்காட்டு ஊரில் புல்வெளிக்கு எங்கே போவது?

"நம்ம பிள்ளைக படத்தைப் போடுங்க சார்" என்றேன். போட்டார்கள். வேப்பமரத்தடியில், முக்காடு போட்டு, புத்தகத்தை அணைத்தபடி சிரித்தவள் ரஹ்மத் நிஷா. அங்கே படித்துக்கொண்டிருந்த சிக்கந்தரின் மகள். துபாயில் தன் அறையில் இருந்த அத்தனை பேரையும் அவன் நெட் சென்டருக்கு இழுத்துப்போய்க் காட்டினானாம்.

அப்புறம்... அவளுக்கு மூளைக்காய்ச்சல். மதுரைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. மய்யத்தை, அதாவது இறந்தவர் உடலை, அதிக நேரம் வைத்திருப்பது அவர்கள் வழக்கமில்லை, அன்றைக்கே அடக்கம். லீவு கேட்டு, டிக்கெட் போட்டு, அவன் எப்படி வந்து சேர்வது? வரவில்லை. மகள் முகத்தை அதற்குப் பிறகு அவன் பார்த்ததெல்லாம் அந்த வெப்சைட்டில்தான்.

சிக்கந்தர் போன் செய்த மறுநாளே பல்கலைக்கழகத்துக்குப் போனேன். வெப்சைட்டைக் கவனிக்கும் அதிகாரி நல்ல மனிதர்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அட்மிஷன் நேரம் சார். பிள்ளையைச் சேக்க வாரவுக முதல்ல பாக்குறதே அந்தப் பக்கத்தைத்தான். செத்த பிள்ளை படம் முன்னாடி நின்னா நல்லாவா இருக்கும்? வேணும்னா உள்ள ஒரு ஓரமா, மாலை போட்டு, கண்ணீர் அஞ்சலின்னு வச்சிருவோம்."

மாலையாம்! அவர்கள் வீட்டில் இறந்தவர் படத்துக்கு மாலை போடும் பழக்கமே கிடையாது. அதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் ஒரே ஊரில் இருக்கிறோம்? சாவுத் தீட்டு கம்ப்யூட்டருக்குள்ளும் புகுந்துவிட்டதே என்று கத்தினேன். அவர் எனக்கு டீ சொன்னார். படம் திரும்பவில்லை.

சிக்கந்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் படத்தை மெயில்ல அனுப்பவாடா?" என்று கேட்டேன்.

"படம் எங்கிட்ட இருக்கு மாப்ளே. மாலையெல்லாம் வேணாம்னு சொல்லிரு. அங்கன இருந்தா... அவ காலேஜுக்குப் போயிருக்கானு நெனச்சுக்கிருவேன். அதுக்குத்தான்."

நேற்று அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அதே புல்வெளியில் அந்த மூன்று பேரும் திரும்ப வந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

யார் பெற்ற பிள்ளைகளோ... அவர்களாவது நல்லா இருக்கட்டும்.