வலப்பக்கம் போன அமினோ

அந்தப் பாடநூல் அச்சகத்தில் அவளுக்கு அளவுகோல் என்று பட்டப்பெயர். வேதியியலில் பட்டம் வாங்கியவள். ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைக்கும் என்று மூன்று வருஷம் காத்திருந்துவிட்டு, கடைசியில் புத்தகங்களுக்குப் படம் வரையும் பிரிவில் வந்து உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. பென்சீன் வளையத்தில் ஒரு பக்கம் சற்று நீண்டிருந்தாலும் அழித்துவிட்டு மறுபடி போடுவாள். "கண்ணுக்கே தெரியலியே" என்பார்கள். "எனக்குத் தெரியுதே" என்பாள்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் புதுப் புத்தகம் போட்டபோது, இருபது அமினோ அமிலங்களையும் ஒரே பக்கத்தில் வரையும் வேலை அவளிடம் வந்தது. ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு கார்பன். அதன் தலையில் அமிலத் தொகுதி, காலடியில் பக்கச் சங்கிலி, இடப்பக்கம் அமினோ தொகுதி, வலப்பக்கம் ஹைட்ரஜன். இடமும் வலமும் மாறினால் அது வேறு பொருள். கண்ணாடியில் தெரியும் கை மாதிரி. பார்க்க அதேதான், ஆனால் ஒரு கையின் உறை மறு கைக்குப் பொருந்தாது. நம் உடம்பு புரதம் கட்டுவது இடப்பக்க வகையை வைத்துத்தான். மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்தாள்.

புத்தகம் அச்சேறும் வாரத்தில் அவள் கணவருக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை. அச்சுக்கு முன் அவள் பிழை பார்க்க வேண்டிய மெய்ப்பு அவள் கண்ணில் படாமலே போய்விட்டது. விடுப்பு முடிந்து வந்தபோது புத்தகங்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துப் பிரித்தவள் அந்தக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அமினோ எல்லாம் வலப்பக்கம் இருந்தது.

பக்கம் வடிவமைக்கிறவர் எதையும் மறைக்கவில்லை. "ஓரத்துல இருந்த எழுத்தெல்லாம் பைண்டிங்குக்குள்ள போயிடுச்சுக்கா. அதான் படத்தை இடம் வலமாத் திருப்பிப் போட்டேன். ஓரத்துப் படங்களை மட்டும் திருப்பினா அசிங்கமா இருக்கும்னு எல்லாத்தையும் திருப்பிட்டேன். எழுத்தை மட்டும் மறுபடி நேராக்கிட்டேனே?"

கிளைசின் ஒன்றுதான் பிழைத்தது. அதற்கு இடம், வலம் என்ற பேதமே கிடையாது. மற்ற பத்தொன்பதும் தப்பு.

பதிப்பாசிரியரிடம் ஓடினாள்.

"படிக்கிற பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எங்கம்மா தெரியப்போகுது? அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

"அவங்களுக்குத் தெரியாதுன்னுதானே சார் புத்தகமே போடுறோம்?"

அவர் சிரித்தார். அவள் அரைப்பக்கத்துக்கு ஒரு பிழைதிருத்தம் எழுதிக் கொடுத்தாள். வாங்கி மேசைமேல் இருந்த காகிதத் தட்டில் வைத்தார். நான்கு முறை ஞாபகப்படுத்தினாள். அது தட்டைவிட்டு நகரவில்லை.

அந்த வருஷம் அவள் மகளும் பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டில் அந்தப் பக்கத்தின் மேல் குறுக்குக்கோடு போட்டு, சரியான படங்களை வரைந்து மகளுக்குக் கற்றுக் கொடுத்தாள். தேர்வில் அலனின் படமே கேள்வியாக வந்தது. மகள் சரியாக வரைந்தாள். பக்கத்தில் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது. இரண்டு மதிப்பெண் போயிற்று. ஒரு மதிப்பெண்ணில் மருந்தியல் படிப்பு கை நழுவியது.

விடைத்தாள் நகலை வாங்கிக்கொண்டு தேர்வு அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி பாடநூலைப் பிரித்துக் காட்டினார்.

"பாருங்க, புத்தகத்துல இப்படித்தானே இருக்கு?"

"அந்தப் படத்தை வரைஞ்சதே நான்தாங்க. திருப்பி அச்சடிச்சுட்டாங்க."

அவர் முதல் பக்கத்துக்குப் போய், படங்கள் என்ற இடத்தில் இருந்த அவள் பெயரில் விரல் வைத்தார். "அப்போ தப்பு உங்களோடதுதானே?"

மூலப்படங்களைப் பையிலிருந்து எடுத்து மேசையில் பரப்பினாள். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க பொண்ணுக்கு மட்டும் மாத்த முடியாதும்மா."

"சரியா எழுதின எல்லாருக்கும் கொடுங்க."

"எல்லாரும் புத்தகத்தைப் படிச்சுத்தானே எழுதியிருக்காங்க?"

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள். "நீ பேசாம விட்டிருந்தா நானும் புத்தகத்துல இருக்கிறதையே எழுதியிருப்பேன்லம்மா?"

கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா குறுக்கிட்டார். "அம்மா சரியாத்தானே சொல்லிக்கொடுத்தா?"

"சரியாத்தான் சொன்னாங்க. அதாம்ப்பா கஷ்டம்."

மகள் வரலாற்றுப் படிப்பில் சேர்ந்தாள். அதன்பின் அம்மாவிடம் பாடத்தைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

அடுத்த பதிப்பு வந்தது. அதே பக்கம், அதே படங்கள். வினாத்தொகுப்பு, விடைக்குறிப்பு எல்லாமே அதையொட்டி வந்துவிட்டன. இனி மாற்றினால் குழப்பம் என்றார் பதிப்பாசிரியர். கூடவே ஒரு துணைநூல் வேலையையும் கொடுத்தார். பாடநூலில் உள்ளபடியே அமினோ அமிலங்களைப் பெரிதாக வரைய வேண்டும்.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். கணவர் இனி வேலைக்குப் போக முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வேலையை வாங்கிக்கொண்டாள்.

பத்தொன்பதையும் தன் கையாலேயே வலப்பக்கம் வரைந்தாள். பிணைப்புக் கோடுகள் ஒரே நீளம், கோணங்கள் அச்சுப் பிசகாமல்.

"பிசிறே கிடையாதும்மா உங்க கையில" என்றார் பதிப்பாசிரியர். "அடுத்தது சர்க்கரைகள்."

சர்க்கரைகளிலும் இடம், வலம் உண்டு. எது எந்தப் பக்கம் என்பது அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

"எந்தப் பக்கம் போடணும் சார்?" என்று கேட்டாள்.