செல்வி சைஸ்

கட்டைவிரலைக் கழுத்தில் தொங்கும் அளவு டேப்பில் ஒருமுறை துடைத்துக்கொண்டுதான் சகாயசெல்வி அக்கா கைப்பேசியைத் தொடுவார். அந்த விரலில் எப்போதும் தையல் சாக்பீஸின் நீலம் ஒட்டியிருக்கும். திரையில் ஒரு வண்ணப் பட்டை. அதை மெல்ல இடது பக்கமும் வலது பக்கமும் இழுப்பார். ரோஸ் கொஞ்சம் வெளுக்கும், கொஞ்சம் அடரும். மனதுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்திவிட்டு, எங்கள் கூரியர் ஆபீஸ் படியிறங்கி வெயிலுக்குப் போவார். கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, மறு கையால் திரைக்கு நிழல் கொடுத்துப் பார்ப்பார். ஜவுளிக்கடை டியூப்லைட்டை நம்பாமல் சேலையை வாசலுக்குத் தூக்கிவந்து நிறம் பார்க்கிறவர்கள் உண்டு. தன் ஆன்லைன் கடையையே அப்படி வாசலுக்குத் தூக்கிப் போகிறவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

"வெயில்ல பாத்தா செங்கல் கணக்கா இருக்கு தம்பி. செத்த நேரம் இருங்க, மாத்திட்டு வாரேன்."

அதுவரை அவருடைய பார்சல்கள் கவுண்டரில் காத்திருக்கும். எல்லாம் பருத்தி நைட்டிகள். நாகல்நகரில் ஒரு வாடகை வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு அக்கா தைக்கிறார். கூடத் தைப்பவர்கள் இரண்டு பேர், மாயக்காளும் சபிஹாவும். இணையத்தில் இருக்கும் கடையை அவரே கட்டினார். வீடியோ பார்த்து, நிறுத்தி, திரும்ப ஓடவிட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆள் வைத்துச் செய்யலாமே என்று யாராவது சொன்னால், கழுத்து வெட்டத் தெரிந்தவளுக்கு இது தெரியாதா என்பார். உச்சியில் கிளிப்பச்சை, நடுவில் ரோஸ், வாங்கும் பட்டன் மஞ்சள். அந்தப் பக்கத்தைத் திறந்தால் மாரியம்மன் கோயில் திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் நிற்பது போலிருக்கும்.

நிறத்தை விடுங்கள். அந்தக் கடையில் வேறெங்கும் இல்லாத ஒன்று இருந்தது. எம், எல், எக்ஸ்எல் எதுவும் கிடையாது. 'பானு சைஸ்', 'சபிஹா சைஸ்', 'மாயக்காள் சைஸ்' என்று போட்டிருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் அந்தத் தெருப் பெண் ஒருத்தியின் படம். பானுப்ரியா இடுப்பில் கை வைத்து நிற்பாள். சபிஹா கேட்டுக்கொண்டபடி அவளுக்குக் கழுத்துக்குக் கீழேதான் படம். மாயக்காள் மட்டும் கல்யாண போட்டோவுக்கு நிற்பது போல விறைப்பாக, ஒரு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். நான் அதிகம் பேசாதவன் என்பதால் கேட்டதே அவருக்கு ஆச்சரியம்.

"எல்லுன்னா கம்பெனிக்குக் கம்பெனி ஒரு அளவு தம்பி. பொம்பளைக்கு இன்னொரு பொம்பளையக் காட்டுனா போதும், நம்ம அவுக மாதிரியா, அவுகள விடப் பூசுனாப்புலயான்னு அவளே சொல்லிருவா."

அது உண்மைதான். ரிட்டர்ன் என்று திரும்பி வந்தவை முதலில் மிகக் குறைவு. பெங்களூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் போன் செய்து "மாயக்காள் சைஸ் இருக்குங்களா" என்று கேட்பார்கள். மாயக்காளே போனை வாங்கி, "மாயக்காதான் பேசுறேன், சொல்லு தாயி" என்பாராம்.

ஆனால் இருப்பதிலேயே பெரிய அளவு ஒன்று உண்டல்லவா? அதற்கு அன்புக்கரசியின் பெயர்: 'அன்பு சைஸ்'. அன்புக்கரசி, தையல் அறைக்கு எதிர்வீட்டுக்காரர். அக்காவுக்கு உயிர்த்தோழி. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்க இருவரும் ஒரே ஆட்டோவில் போவார்கள். அதில் அன்புக்கரசி ஏறிய பக்கம் வண்டி சாயும், அக்கா அந்தரத்தில் உட்கார்ந்திருப்பார் என்று மாயக்காள் சொல்லிச் சிரிப்பார். படம் எடுக்கையில் அன்புக்கரசி பூவெல்லாம் வைத்துக்கொண்டுதான் நின்றார்.

அகரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் இடம் தேடி அன்புக்கரசி உள்ளே நுழைந்தபோது அவருடைய கொழுந்தன் எல்லாரும் கேட்கச் சொன்னார்: "ஏலே, அன்பு சைஸ் வருது. ரெண்டு எல போடுங்க." பந்தி சிரித்தது. அன்புக்கரசி சாப்பிடாமல் பஸ் ஏறி வந்துவிட்டார். தெருவில் நின்று அக்காவிடம் ஒரே வாக்கியம் சொன்னார்.

"என்னயக் கடையில தொங்கவிட்டுட்டியே செல்வி."

அதன்பிறகு பேச்சு இல்லை. அன்று பொழுது சாய்வதற்குள் அக்கா அந்தப் படத்தை எடுத்துவிட்டார். வெறும் இடமாக விட்டால் எல்லாரும் யாரைத் தூக்கினாய் என்று கேட்பார்கள். அதனால் தன் படத்தையே அங்கே வைத்தார். பெயரையும் மாற்றினார்: 'செல்வி சைஸ்'.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சகாயசெல்வி அக்கா ஒட்டடைக் குச்சி. கொடியில் காயப்போட்ட துணி என்று நினைத்து மழை வந்தால் யாராவது எடுத்து மடித்து வைத்துவிடுவார்கள் என்பது மாயக்காளின் கேலி. அந்த உருவம் புன்னகையோடு நிற்க, கீழே 'செல்வி சைஸ்'. ஊரெல்லாம் இருக்கும் ஒல்லிப் பெண்கள் தங்களைக் கண்டுகொண்ட மகிழ்ச்சியில் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்குக் கூடாரம் போய்ச் சேர்ந்தது.

ரிட்டர்ன்கள் வரத் தொடங்கின. காலையில் ஆபீஸ் ஷட்டரைத் தூக்கினால் அக்காவின் கவர்கள் கிழிந்து, ஒட்டப்பட்டு, ஊர்சுற்றிய களைப்போடு கிடக்கும். பெரிய அளவு வேண்டியவர்களோ பக்கத்தைத் திறந்து, தங்களுக்கு எதுவும் இல்லை என்று போய்விட்டார்கள். தீபாவளிக்கு முன்பே நிலைமை இப்படி. தீபாவளியும் இப்படிப் போனால் தையல் அறையைக் காலிசெய்துவிட்டு வீட்டில் ஒற்றை மெஷினோடு உட்கார வேண்டியதுதான், மாயக்காளும் சபிஹாவும் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்று அக்கா நிறப்பட்டையை இழுத்துக்கொண்டே சொன்னார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. பச்சையைக் குறைத்தார். பிறகு கூட்டினார்.

டிசைனர் ஸ்டான்லியை அழைத்துவரச் சொன்னது சபிஹா. ஃப்ளெக்ஸ் பேனரில் ஆரம்பித்து இப்போது இணையக் கடைகள் வடிவமைக்கிறவர். அவர் வந்த அன்று பார்சல் எடுக்க நானும் போயிருந்தேன். மடிக்கணினியைத் தையல் மெஷின் பலகையில் வைத்து, பக்கத்தை மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டினார்.

"இந்தப் பச்சைய யாருக்கா வச்சது?"

"நாந்தான்."

"சரி, இருக்கட்டும்." இன்னும் கீழே போனார். நின்றார். "இந்தப் படத்துல நீங்கதானே? இந்த நைட்டிக்குள்ள உங்கள மாதிரி மூணு பேரு போகலாமேக்கா."

மாயக்காள் சிரித்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஸ்டான்லி எதையோ புரிந்துகொண்டவர் போல, அதற்கு மட்டும் பெயரை எடுத்துவிட்டு நம்பர் போடலாம் என்றார்.

"எல்லாத்துக்கும் பேரு இருக்கையில அதுக்கு மட்டும் நம்பர் போட்டா, அப்ப அது யாருன்னு ஊரே கேக்கும்ல தம்பி."

"அப்ப எல்லாப் பேரையும் எடுத்துருவோம். எல்லாம் இஞ்ச் கணக்கு. ஆளே வேண்டாம், துணிய மட்டும் விரிச்சுப் போட்டுப் படம் எடுப்போம்."

"நான்?" என்றார் மாயக்காள்.

"நீங்க நாப்பத்திரண்டுக்கா."

"எனக்கு பெங்களூர்ல இருந்து போன் வருதுப்பா. நாப்பத்திரண்டுக்கு எவ போன் பண்ணுவா?"

சபிஹாவின் மெஷின் கொஞ்ச நேரம் சும்மா ஓடியது.

அக்கா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வாரம் பக்கத்தைத் தானே திருத்திப் பார்த்தார். பட்டனைப் பெரிசாக்கினார். தன் படத்தைச் சின்னதாக்கினார். நைட்டிக்குள் துணி வைத்துக் கட்டிக்கொண்டு வேறு படம் எடுத்தார். அது சோளக்கொல்லைப் பொம்மை போல வந்தது. அந்த அளவுக்குப் படத்தில் நிற்கத் தெருவில் வேறு யாரையும் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கடைசியில் ஸ்டான்லியின் ஆபீஸுக்குப் போய் பாஸ்வேர்டைச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"ரோஸ் மட்டும் என் கையில இருக்கட்டும்."

இப்போது அந்தக் கடை வெள்ளையாக, அமைதியாக இருக்கிறது. நைட்டிகள் ஆளில்லாமல் கை விரித்துக் கிடக்கின்றன. பக்கத்தில் மார்பு, தோள், உயரம் என்று இஞ்ச் கணக்கு. ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும் ரோஸ். அந்தக் கோட்டைத் தூக்கிக்கொண்டு அக்கா இன்னும் வெயிலுக்குப் போகிறார். தீபாவளிக்குப் பார்சல்கள் எங்கள் கவுண்டரை மறைத்தன. ரிட்டர்ன்கள் அநேகமாக நின்றுவிட்டன. தையல் அறை தப்பித்தது. ஸ்டான்லி சொன்னதுதான் சரி என்று அக்காவே எல்லாரிடமும் சொல்கிறார். மாயக்காளுக்குத்தான் போன் வருவதில்லை. இப்போது யாராவது எதற்காவது அழைத்தால், விஷயம் முடிந்த பிறகும் அவர் வைக்கமாட்டேன் என்கிறாராம்.

தீபாவளி கழிந்து ஒரு நாள் அக்கா ஒரே ஒரு பார்சலோடு வந்தார். ஸ்டான்லி அச்சடித்துக் கொடுத்த, கடைப்பெயர் போட்ட கவரில் இல்லை. சாதாரண பழுப்புக் கவர். பெறுபவர் பெயர் கலாவதி என்றிருந்தது. முகவரியைப் பதியும்போது பார்த்தேன். அவருடைய தெருவேதான்.

"அக்கா, இது உங்க தெருதானே? இங்க போட்டா மதுரை போயிட்டு நாளைக்குத்தான் வரும். நீங்களே குடுத்துறலாமே."

"ஆர்டரு வந்த வழியிலயே போகட்டும் தம்பி. போட்டு விடுங்க."

ஏதோ புது வாடிக்கையாளர், முன்பின் பழக்கம் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். கவர் மற்றவற்றோடு மூட்டையில் ஏறி மதுரைக்குப் போனது.

ரொம்ப நாள் கழித்து, எங்கள் டெலிவரி ஆள் பிரபு டீ குடிக்கும்போது வேறெதையோ சொல்லிக்கொண்டு வந்து இதைச் சொன்னார். கலாவதி என்ற பெயரில் அந்த வீட்டில் யாரும் இல்லை. கதவைத் திறந்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டது அன்புக்கரசி. அவருக்கு இப்போது மாதம் ஒரு பார்சல் வருகிறது, ஒவ்வொரு தடவையும் மதுரை சுற்றித்தான். பிரபு முதல் தடவை அந்த வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தபோது, எதிரே தையல் அறையில் சகாயசெல்வி அக்கா மெஷினிலிருந்து எழுந்து வந்து, தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாராம்.