கசட்டுக்குப் பின்னால் வரும் பேச்சு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஓர் ஆள் செத்துப்போனதை ஊருக்குச் சொல்ல வழி இருந்தது. ஓர் ஆளைக் காணவில்லை என்று சொல்லத்தான் வழி இருக்கவில்லை. ஸ்டோர் சங்கு வேலைக்கு ஊதும். தப்பு மேளம் திருவிழாவுக்கும் எழவுக்கும் அடிக்கும். தொண்ணூறுகளின் நடுவில் இவற்றோடு ஒரு மைக் வேனும் வந்து சேர்ந்தது. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டங்களில் யார் இறந்தாலும் அந்த வேன்தான் வரும். முதலில் முகாரி வாசிக்கும் நாதஸ்வரக் கசட் ஓடும்; அது நின்றதும் வேன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்ன தோட்டத்து இன்ன டிவிஷன், இன்னார் என்று பேசத் தொடங்குவார். பேச்சு வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. கசட் சத்தம் கேட்டதுமே கொழுந்துக் கூடையை இறக்கிவிடுவார்கள்.

அம்மாவுக்கு ஞாபகம் கலையத் தொடங்கியது அந்த வருடங்களில்தான். சாப்பிட்டது மறந்தது. அப்பா இறந்தது மறந்தது. வயதாகி வேலைப் பதிவில் பெயர் வெட்டி எத்தனையோ காலம் ஆகியும், காலையில் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் புறப்பட்டுவிடுவார். ஒருமுறை பசறை பஸ் நிலையம் வரை போய்விட்டார். மறக்காதது ஒப்பாரி ஒன்றுதான். சுற்றியுள்ள லயங்களில், அந்த வரிசை வீடுகளில், எழவு என்றால் அம்மா வந்து உட்கார்ந்த பிறகுதான் அழுகை ஒழுங்குக்கு வரும். தாய்க்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, கொழுந்தனுக்கு ஒன்று என்று முறைக்கு முறை பாட்டு வைத்திருந்தார். அதனால் எழவு வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் முதலில் கேட்பது, இறந்தவர் தனக்கு என்ன முறை என்பதைத்தான்.

ஒரு மழைக்கால நாள் அம்மாவைக் காணவில்லை. நான் பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். லயத்தில் அம்மாவோடு இருந்தது அண்ணன் குடும்பம். சேதி கிடைத்து நான் போவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. அண்ணன் தெரிந்தவர்களையெல்லாம் மலைக்கும் ஆற்றோரத்துக்கும் அனுப்பிவிட்டு, மேலே மூடிக்கொண்டு வரும் பனியைப் பார்த்தபடி நின்றார். இருட்டினால் அந்தக் குளிரில் அம்மா தாங்கமாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பொலிஸுக்குப் போனோம். காணவில்லை என்றதும் மேசையில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் காணாமல் போவதெல்லாம் இளவட்டங்கள். அம்மாவின் வயதைச் சொன்னதும் பேனையைக் கீழே வைத்துவிட்டார். சொந்தக்காரர் வீடுகளில் பார்த்துவிட்டு நாளைக்கு வரச் சொன்னார். குறை சொல்லவும் தோன்றவில்லை. கிழவிகளைத் தேடும் சட்டம் எதையும் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

திரும்பும் வழியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. நாலெழுத்துப் படித்தவனுக்கு வரக்கூடிய யோசனைதான். மைக் வேனைப் பிடித்து, அம்மாவின் அடையாளத்தைச் சொல்லி, கண்டவர்கள் லயத்துக்குத் தகவல் சொல்லும்படி தோட்டம் தோட்டமாக அறிவிக்கச் சொன்னேன். வேன்காரர் நல்ல மனிதர். நான் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் அறிவித்தார். ஆனால் பேசுவதற்கு முன்னால், கைப்பழக்கத்தில், கசட்டைப் போட்டுவிட்டார்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது. கசட் கேட்டதுமே மலையில் வேலை நின்றது. எங்கள் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தவர்கள், பிணம் கிடைத்துவிட்டது என்று நினைத்துத் தேடுவதை விட்டுவிட்டு இறங்கி வந்தார்கள். எழவு வீட்டுக்குக் கொடுக்கும் சீனியும் தேயிலையும் கொண்டு வந்தார்கள். விறகு வந்தது. தப்புக்காரர்கள் வாசலில் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சினார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க கெடந்துச்சுப்பா?" என்று அழுதாள். இன்னும் கிடைக்கவில்லை என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா இருக்கக்கூடிய இடத்திலெல்லாம் இப்போது ஆளில்லை; அம்மா இல்லாத ஒரே இடத்தில் ஊரே நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கசட்டை அடுப்பில் போட்டிருப்பேன்.

அண்ணன் ஆட்களைக் கெஞ்சித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தபோது, குறுக்குப் பாதையால் மேல் தோட்டத்துப் பெண்கள் சிலர் இறங்கி வந்தார்கள். அவர்களுக்கு நடுவில், நனைந்த சேலையோடு, அம்மா.

"மலைக்குள்ள இருந்து ஏறி வந்துச்சுங்க. எழவுக்குத்தான் போகுதுன்னு கூட்டிக்கிட்டு வந்தோம்," என்றாள் ஒருத்தி.

அம்மா எங்களைப் பார்க்கவில்லை. நேராகப் பெண்கள் இருந்த பக்கம் போனார். இடம் விட்டார்கள். உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"யாரு போயிட்டா? எனக்கு என்ன மொற வேணும்?"

தப்புக்காரர் ஒருவர் தப்பை மெதுவாகத் தரையில் வைத்தார். கடைசியில் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள், "யாரும் போகலக்கா. தேத்தண்ணி குடிங்க," என்றாள்.

"யாரும் போகாமயா இம்புட்டு சனம்?"

"ஒன்னயப் பாக்கத்தான் வந்திருக்காங்கம்மா," என்றேன்.

"என்னயவா? நான் எங்க போயிட்டேன்?"

பதிலுக்கு அம்மா காத்திருக்கவில்லை. முறை தெரியாத எழவுக்குத் தாய்க்கு அழுதால் குற்றமில்லை என்பது அவருடைய சட்டம். பக்கத்தில் இருந்தவளின் தோளில் கைபோட்டுக்கொண்டு, தாய்க்கு அழும் ஒப்பாரியை எடுத்தார். ஓர் அடி விடவில்லை. அண்ணன் குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன். அம்மா கிடைத்துவிட்ட சந்தோஷத்தை அப்படித்தான் அழ முடிந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கசட்டை நான் குறை சொல்லவில்லை. அம்மாவை மலையிலிருந்து எழுப்பிக்கொண்டு வந்தது என் அறிவிப்பு அல்ல, அதுதான். அண்ணன் வேன்காரரோடு பேசி ஓர் ஏற்பாடு செய்தார். உயிரோடிருப்பவருக்கு எழவுப் பாட்டு போடுவதா என்று கோயில் கமிட்டி கொஞ்சம் முணுமுணுத்து அடங்கியது. ஏற்பாடு இதுதான்: கசட்டுக்குப் பின்னால் பேச்சு வந்தால் எழவு. கசட் மட்டும் ஓடி, பேச்சு வராவிட்டால், எங்கள் அம்மாவைக் காணவில்லை. அப்போது யாரும் சீனி வாங்கக்கூடாது. லயங்களை விட்டு வெளியே வந்து பாதையில் நின்று பார்க்க வேண்டும். அம்மாவும் எங்கிருந்தாலும் சத்தத்தைக் கேட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, எழவுக்குப் புறப்பட்டு வந்துவிடுவார். யாராவது கையைப் பிடித்துக்கொண்டு கூட்டி வருவார்கள். பல தடவை அப்படிக் கிடைத்தார். கசட் தேய்ந்து இழுக்கத் தொடங்கியபோது அண்ணன் அப்புத்தளைக்குப் போய் இன்னொன்று பதிந்து வந்தார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு காலையில், அம்மா காம்பராவுக்குள்ளேயே, பாயில், தூக்கத்தில் போய்விட்டார். தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அண்ணன் வேன்காரருக்குச் சொல்லி அனுப்பினார். வேன் வந்து கோயில் முடக்கு வளைவில் நின்றது. கசட் ஓடியது.

லயங்களிலிருந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். கொழுந்து மலையில் இருந்தவர்களும் பாதைக்கு இறங்கினார்கள். யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆளுக்கொரு பாதையில் நின்று, அம்மா எந்தப் பக்கமிருந்து வருகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற நானும் குறுக்குப் பாதையைத்தான் பார்த்தேன்.

கசட் நின்றது. வேன்காரர் தொண்டையைச் செருமினார்.