சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம்

பொருளைத் தொலைப்பது மனோரஞ்சிதத்துக்குக் கைவந்த கலை. குடை, பஸ் கார்டு, ஒருமுறை ஒற்றைச் செருப்பு. ஒற்றைச் செருப்பை எப்படித் தொலைப்பார்கள் என்று கேட்காதீர்கள், அவள் தொலைத்தாள். வீட்டையே தலைகீழாக்கித் தேடும்போது அப்பா தியாகராசா மட்டும் நாற்காலியை விட்டு எழமாட்டார். "என்னட்டைத்தான் கிடக்கு, பிள்ளை. பதறாத" என்பார். அவரிடம்தான் கிடக்கும்.

அந்த மனிதர் போன பொங்கலுக்கு முன்னால் பொங்கோல் வட்டாரத்து வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார். அதிலிருந்து அவர் பெயரை வாயால் சொல்வதையே அவள் தவிர்த்துவந்தாள்.

தனியாக வாழும் முதியவர்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சின்ன அமைப்பு ஒன்றில், தேக்கா பக்கம், அவளுக்கு வேலை. யாருக்கு உப்பு ஆகாது, யாருக்குச் சோறு குழைய வேண்டும், மைமூன் அம்மாவுக்கு இறால் பட்டாலே மூச்சு முட்டும் என்பதெல்லாம் வீடு வீடாகப் போன் போட்டு அவளே சேர்த்த விவரம். ஆபீசின் பொது டிரைவில், அவள் பெயர் போட்ட ஃபோல்டரில் இருந்தது. காலையில் அவள் அதைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் சமையல்காரர்கள் அடுப்பையே பற்றவைப்பார்கள்.

பழைய கம்ப்யூட்டர் போய்ப் புதியது வந்தது. டிரைவோடு இணைக்க முழுப் பெயர் வேண்டும் என்று ஐடி ஆட்கள் போனில் கேட்டார்கள். "மனோரஞ்சிதம். அது போதும் லா" என்று சொல்லிவிட்டாள். இணைத்துக் கொடுத்தார்கள். திறந்தால், ஃபோல்டர் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி காலி.

நாளைக்கு மைமூன் அம்மா சாப்பாட்டில் இறால் விழுந்தால் யார் பதில் சொல்வது? அரக்கப்பரக்கக் கூப்பிட்டதில் ஐடி ஆள் ஹுசைன் நேரிலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, ஐசியில உங்க பேரு எப்படி இருக்கு?"

"மனோரஞ்சிதம்... அப்புறம் டி ஸ்லாஷ் ஓ."

இன்னாரின் மகள் என்பதற்கு இந்த ஊர் அடையாள அட்டையில் போடும் சுருக்கம் அது. அதோடு நிறுத்திக்கொண்டாள். ஹுசைன் விடவில்லை.

"அப்புறம்?"

"தியாகராசா."

சொல்லிவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. ஹுசைன் அதைப் பார்க்காத மாதிரி திரையைப் பார்த்தார், நல்ல மனுஷன்.

"எனக்கும் எஸ் ஸ்லாஷ் ஓதான், நம்ம தலையெழுத்து. அந்தச் சாய்கோடு நமக்குத்தான் மகன், மகள். கம்ப்யூட்டருக்கு அது கதவு லா. பேரை ரெண்டா வெட்டி, ஒண்ணுக்குள்ள ஒண்ணா ஃபோல்டர் போட்டுடும். பழைய கம்ப்யூட்டர் உங்களை நேரா உள்ள இருக்கிற ஃபோல்டருக்குக் கொண்டுபோச்சு. இப்ப அப்பா பேரை விட்டுட்டீங்க, புதுசா ஒரு காலி ஃபோல்டரைக் குடுத்துடுச்சு."

டிரைவை முழுக்கத் திறந்து தேடினார். 'மனோரஞ்சிதம் டி' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள்ளே ஒன்றே ஒன்று: 'ஓ தியாகராசா'. அதைத் தட்டினார். உப்பு ஆகாதவர்கள், குழைந்த சோறு, மைமூன் அம்மா, எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

மனோரஞ்சிதம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது.

"பேரைச் சுருக்கி, எல்லாத்தையும் வெளிய எடுத்து வச்சிரட்டுமா அக்கா? இனிமே பிரச்சினையே வராது."

"வேணாம் தம்பி," என்றாள். "அப்பாகிட்டயே கிடக்கட்டும்."